எடை போதாத மிஷின்

ஒரு நகரம் என்று இருந்தால் அதில் செடிகள் இருக்கும். செடிகள் என்று இருந்தால் அவை வளரும். வளருமுன் அவை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அனுமதியின்றி வளர்ந்த பாகத்தைக் கண்டறிந்து, வெட்டி, ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு புதுச்சேரியில் பசுமை ஒழுங்குப் பிரிவு என்ற அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு அலுவலகம் எந்தத் தெருவில் என்று தேடாதீர்கள். இருக்கிற அலுவலகங்களிலேயே நாற்காலியில் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இல்லாததில் தேடி என்ன ஆகப்போகிறது?

அந்தப் பிரிவிடம் கவாத்து மிஷின்கள் உண்டு. ஆள் உயரத் தடி. நுனியில் ரம்பப் பற்கள், பற்களுக்குப் பின்னாலேயே மோட்டார். இந்தக் கோடியில், கைப்பிடிக்கு மேலே, செங்கல் போல ஒரு பேட்டரி. பட்டனை அமுக்கினால் பற்கள் ஓடும், செடி வெட்டுப்படும், பிடித்திருப்பவரின் தோள்பட்டை கழன்றுவிடும். இதை வடிவமைத்தவர் செடியைப் பார்த்திருக்கிறார், பேட்டரியைப் பார்த்திருக்கிறார். நடுவில் அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு மனுஷி இருப்பாள் என்கிற விவரம் மட்டும் அவருடைய மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை.

அந்த மனுஷி எங்கள் பக்கத்து வீட்டு கமலவேணி அக்கா. கருவடிக்குப்பத்திலிருந்து விடிந்தும் விடியாமலும் கிளம்பிப்போய், கடற்கரைப் பக்கத்துப் பூங்காவில் வேலிச்செடி வெட்டுகிறவர். தினக்கூலி. வலது கை தோளுக்கு மேல் போகாததால், தலைவாரிக்கொள்ள சீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் அம்மாவிடம் வருவார்.

"அந்த மிஷினப் புடிச்சா எப்படிக்கா இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு வயசுப் புள்ளய கைய நீட்டிப் புடிச்சிக்கினு நாள் பூரா நிக்கிற மாதிரி இருக்கும். புள்ளயாவது நடுவுல தூங்கும். இது கத்திக்கினே இருக்கும்."

இந்த நிலையில்தான் பிரிவு ஒரு நற்செய்தியை வெளியிட்டது. தகுதியுள்ள தினக்கூலிகள் நிரந்தரமாக்கப்படுவார்கள். தகுதி எது? மிஷினைத் தோளுக்கு மேல் தூக்கி, பூங்காவின் தெற்கு வேலியை நடுவில் ஒருமுறைகூட இறக்கி வைக்காமல் வெட்டி முடிப்பது. அதாவது, பல வருஷம் அந்த மிஷினைத் தூக்கித் தோள் போனவர்களுக்கு வேலை இல்லை. அதைத் தொடவே தொடாதவர்களுக்கு உண்டு. அனுபவத்துக்கு அரசாங்கம் தருகிற மரியாதை இது.

"போச்சு சுடரு. வேலியப் பாதிகூட தாண்ட மாட்டன். இத்தோட கழட்டி வுட்ருவாங்க" என்றார் அக்கா என்னிடம், அம்மா பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போது.

நானும் என் சிநேகிதி மரீஹாவும் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் கடைசி வருஷம். புராஜெக்ட் செய்ய வேண்டும். மற்ற எல்லாரும் டிரோன் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வருஷம் டிரோன் ஃபேஷன். எதைக் கொண்டுபோகும் டிரோன் என்று கேட்டால், "அது அப்புறம்" என்பார்கள். நாங்கள் கமலவேணி அக்காவுக்கு ஒரு மிஷின் செய்வது என்று முடிவெடுத்தோம்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பேட்டரியைக் கையிலிருந்து இறக்கி இடுப்பு பெல்ட்டில் கட்டினோம். மோட்டாரை நுனியிலிருந்து இழுத்துக் கைக்குப் பக்கத்தில் வைத்தோம். தடிக்கு அலுமினியக் குழாய். தோளில் மாட்ட ஒரு பட்டை. கைப்பிடிக்கு மட்டும் மரீஹா ஒரு காரியம் செய்தாள். வீட்டிலிருந்து சப்பாத்தி மாவு பிசைந்து கொண்டுவந்து, "புடிங்கக்கா" என்றாள். அக்கா பிடித்தார். அந்தப் பிடியைக் காயவைத்து, அதே வடிவில் கைப்பிடி செய்தோம்.

அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் இருந்த செம்பருத்தியை ஒரு மூச்சில் மொட்டையடித்தார். அம்மா திட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருக்கிறதா என்று.

அதை எடுத்துக்கொண்டு பசுமை ஒழுங்குப் பிரிவுக்குப் போனோம். துணை இயக்குநர் நாராயணசாமி நல்ல மனிதர். எதிர்க்க மாட்டார். எதையும் எதிர்க்காமலேயே நிறுத்திவைக்கிற கலை அவருக்குத் தெரியும். மிஷினைக் கையில் வாங்கினார். முகம் மாறியது.

"என்னம்மா இது, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு?"

"அதுதான் சார் விஷயமே."

"ஒண்ணுமே இல்லாததை எப்படிம்மா கொள்முதல் பண்றது?"

"சார், இது வெட்டும் சார்."

"வெட்டும்மா. நான் இல்லைன்னா சொல்றேன்? ஆனா இருக்குற மாதிரி இருக்கணுமில்ல?" அவர் மணியை அடித்தார். "இருப்புப் பிரிவு சுமலதா மேடத்தக் கூப்பிடு."

சுமலதா மேடம் வந்தார். மிஷினைத் தூக்கினார். ஒரே நொடியில், வைரத்தில் கீறல் கண்டவர் போலச் சொன்னார்: "சார், இது அரசுக்கு நஷ்டம்."

எனக்குச் சுர்ரென்றது. "எப்படி மேடம் நஷ்டம்?"

"ஒரு சாமானை நாங்க வாங்குறப்ப எண்ணிக்கைல வாங்குறோம். கழிக்கிறப்ப எப்படிக் கழிக்கிறோம்? எடை போட்டு, பழைய இரும்புக்கு. கனமான மிஷினும் ஒண்ணுதான், லேசான மிஷினும் ஒண்ணுதான். ஆனா கழிவுல? இது லேசா போச்சுன்னா தணிக்கைல என்னைத்தானே கேப்பாங்க, மீதி எடை எங்கன்னு?"

"கழிக்கப் போறத நெனச்சா மேடம் வாங்குவீங்க?"

"நாங்க வாங்குறதே கழிக்கிறதுக்குத்தானேம்மா" என்றார் அவர். அதில் கிண்டல் துளியும் இல்லை. சத்தியம் செய்கிறவர் குரல்.

நான் வாதாடினேன். வாதாடுவது எனக்குப் பிடிக்கும். கல்லூரியில் கோப்பை எல்லாம் வாங்கியிருக்கிறேன். தோளைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் செலவைப் பற்றிச் சொன்னேன். நாராயணசாமி முழுவதும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "தோள் இருப்புப் பதிவேட்டுல வராதும்மா. மிஷின் வரும்" என்றார்.

கடைசியில் சுமுகமான முடிவு எட்டப்பட்டது. பழைய மிஷினின் எடை என்ன உண்டோ அதுதான் புதியதற்கும் பதிவேட்டு எடை. குறைகிற எடைக்கு ஓர் இரும்புத் தகடு பொருத்தப்படும். அதில் 'அரசு உடைமை' என்று எழுதிக்கொள்ளலாம், தகடு வீணாகாது.

"தகட்ட இங்கயே ரூம்ல வெச்சிக்குங்களேன் மேடம்? மிஷின் மட்டும் வெளிய போவட்டும்" என்றாள் மரீஹா.

"எடைய விட்டுட்டு மிஷின் எங்கம்மா தனியாப் போவும்?" என்றார் சுமலதா மேடம், பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பச் சொன்னதுபோல.

இத்துடன் முடிந்திருந்தால் தகட்டோடு போயிருக்கும். ஆனால் பூங்கா இருக்கிற ஒயிட் டவுன் பக்கம் எதை நட்டாலும் பிடுங்கினாலும் மரபழகு ஆலோசகரின் இசைவு வேண்டும். ஆலோசகர் இளஞ்செழியன். பிறந்து வளர்ந்ததெல்லாம் ரெட்டியார்பாளையம். ஒருமுறை பாரிஸ் போய்வந்த பிறகு, தன்னை எல்லாரும் சார் என்று இல்லாமல் பிரெஞ்சில் 'முசே' என்று கூப்பிட வேண்டும் என்ற ஒரே ஒரு எளிய ஆசை அவருக்கு. கசங்கிய லினன் சட்டை போட்டிருந்தார். அந்தக் கசங்கலுக்குத் தனியாக இஸ்திரி உண்டு என்று கேள்வி.

மிஷினைச் சுற்றி வந்தார். தூக்கவில்லை.

"இது ரொம்ப இந்தக் காலத்துல இருக்கே" என்றார் வருத்தமாக.

"இந்தக் காலத்துலதான் முசே செடியும் வளருது" என்றேன்.

"கேளும்மா. காகிதப்பூ முன்னாடி கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்குறாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுக்குறாங்க, பின்னாடி எடுக்க மனசு இருக்குமோ இருக்காதோன்னு. அந்தப் போட்டோல இந்த அலுமினியக் குழாய் விழுந்தா? இருநூறு வருஷ அழகு போச்சா இல்லையா?"

ஆகவே மிஷினுக்கு மஞ்சள் வர்ணம், கடுகு மஞ்சள், ஒயிட் டவுன் சுவரின் நிறம், மூன்று பூச்சு. குழாயைச் சுற்றிப் பழைய மாடிக் கைப்பிடிகளில் இருப்பது போன்ற வார்ப்பிரும்புக் கொடி வேலைப்பாடு. சத்தம் குறைவாக இருப்பதால் வேலை நடப்பதே சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியாமல் போகும் என்பதால் ஒரு பித்தளை மணி. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். 'சின்ன விஷயம்' என்றுதான் ஒவ்வொன்றையும் சொன்னார்கள்.

நாராயணசாமி தன் பங்குக்கு இரண்டு சின்ன விஷயம் சேர்த்தார். ஒவ்வொரு புதருக்கு முன்னும் பின்னும் ஊழியர் செல்ஃபி எடுத்து வருகையைப் பதிய வேண்டும். அதற்கு ஒரு போன் ஸ்டாண்டு. அடுத்தது, இது பெண்களுக்கான திட்டமாகிவிட்டபடியால் கைப்பிடி முழுவதும் ரோஸ் நிறப் பஞ்சு உறை. மரீஹாவின் சப்பாத்தி மாவில் விழுந்த கமலவேணி அக்காவின் ஐந்து விரலும் அந்தப் பஞ்சுக்குள் காணாமல் போனது.

இதற்கிடையில் எங்கள் கல்லூரியில் புராஜெக்ட் அறிக்கையைக் கொடுத்தோம். வழிகாட்டிப் பேராசிரியர் அதைத் திறக்காமல் உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். "கையில நிக்கலயேம்மா. டிரோன் குரூப்பு பார்த்தியா, எப்படிக் கொடுத்திருக்காங்க?" என்றார். பேட்டரி கம்பெனியின் விளக்கப் புத்தகம், பின்னிணைப்பு, பின்னிணைப்புக்குப் பின்னிணைப்பு, நடுநடுவே 'இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது' எல்லாம் சேர்த்துத் தடி அட்டை போட்டுக் கொடுத்தோம். முதல் மதிப்பெண். அது வேறு விஷயம். கல்லூரி நடைமுறை வேறு, மக்கள் பிரச்சினை வேறு.

புதிய மிஷினுக்கு 'இலகு' என்று பெயர் சூட்டப்பட்டது. விழா நடந்தது. விருந்தினர் அந்த மிஷினாலேயே ரிப்பன் வெட்டினார். நாலு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். போட்டோவில் அவர்கள் கை மட்டும் தெரியும். 'இக்கருவி இலகுவானது எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று முத்திரையிட்ட சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்பட்டது.

விழா முடிந்து, இருப்பறையில் கமலவேணி அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். முட்டி வரைக்கும் வந்தது. மணி ஒருமுறை அடித்தது. இறக்கிவிட்டார்.

"சுடரு, பழசே தேவல" என்றார். அழவில்லை. "பழச வெச்சாவது பாதி வேலி தாண்டியிருப்பன்."

சுமலதா மேடம் தராசில் வைத்துப் பார்த்தார். பழையதைவிடக் கனம். அவருக்கு நிம்மதி.

நாராயணசாமி அறைக்கு ஓடினேன். "சார், லேசா ஒண்ணு குடுத்தோம். நீங்க அத பழசவிட கனமாக்கிட்டீங்க!"

"கனமா? யாரு சொன்னது?" அவர் கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார். "இலகுன்னு சான்று இருக்கேம்மா."

"கமலவேணி அக்காவால தூக்க முடியல சார்!"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்." அவர் குரல் கனிந்தது. உண்மையான கவலை. "பழைய மிஷின்னா கனம்னு ஒரு சாக்கு இருந்துச்சு, நாங்களும் பார்த்துச் செஞ்சிருப்போம். இப்ப இலகுன்னு சான்று வாங்கின மிஷினையே தூக்க முடியலன்னா கோளாறு எங்கம்மா இருக்கு? கையிலதானே? நீங்க நல்லது பண்றேன்னு வந்து அந்தம்மாவோட கடைசி வழியையும் அடைச்சிட்டீங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். எதிராளி முட்டாள்தனமாகப் பேசினால் மடக்கலாம். இவர்கள் கணக்குப் பிசகாமல் பேசுகிறார்கள்.

மரீஹா வேறு மாதிரி. அவள் குடும்பம் தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறது. எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் பார்ப்பாள். அவள் நேரே சுமலதா மேடத்திடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மேடம், இந்த வருஷக் கழிவு எடை சேர்ந்துருச்சா?"

மேடம் பெருமூச்சு விட்டார். "எங்கம்மா? எல்லாம் பிளாஸ்டிக்கு. இரும்பே வர மாட்டேங்குது."

"இலகுவக் கழிச்சிடுங்களேன். எவ்ளோ இரும்பு!"

"புதுச எப்படிம்மா கழிக்கிறது? ஒருதடவையாவது பயன்படுத்தியிருக்கணும்."

"ரிப்பன் வெட்டினாங்களே மேடம்."

சுமலதா மேடத்தின் கண்ணில் ஒளி வந்தது. அது நியாயத்தின் ஒளி அல்ல, நடைமுறையின் ஒளி. அன்று சாயங்காலமே தகடு, வார்ப்பிரும்புக் கொடி, மணி, போன் ஸ்டாண்டு எல்லாம் கழற்றித் தராசில் ஏற்றப்பட்டன. அவற்றை மட்டும் வைத்ததிலேயே பதிவேட்டு எடை வந்துவிட்டது. 'முழு இயந்திரமும் கழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தரையில் எங்கள் மிஷின் கிடந்தது. பஞ்சு உறை கிழிந்து, அக்காவின் கைப்பிடி வெளியே தெரிந்தது.

"அப்ப இது மேடம்?" என்றேன்.

"எது?"

"இதோ, தரையில இருக்குதே."

"இயந்திரம்தான் முழுசாக் கழிஞ்சிடுச்சே. அதுக்கு மேல எதுவும் இருக்க முடியாதும்மா. பெருக்குறவங்க வர்றதுக்குள்ள எடுத்துக்கினு போங்க."

திறன் தேர்வு நாள். தெற்கு வேலி ஓரமாக மேஜை போட்டு, நாராயணசாமி, சுமலதா மேடம், முசே மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பழைய மிஷினைத் தூக்கினார்கள். தோள் போனவர்கள் பாதியில் நின்றார்கள். கமலவேணி அக்காவின் முறை வந்தது. இடுப்பில் பெல்ட், கையில் எங்கள் குழாய்.

நாராயணசாமி நிமிர்ந்தார். "கையில என்னம்மா?"

அக்கா எங்களைப் பார்த்தார். மரீஹா சுமலதா மேடத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் அக்கா.

"இருக்குற மாதிரி தெரியுதே. சுமலதா மேடம், இருப்புல இப்படி ஏதாவது இருக்கா?"

மேடம் பதிவேட்டைத் திறந்தார். இருக்கிறது என்றால், முழுதாகக் கழித்த கணக்கு பொய். "இல்ல சார். அப்படி ஒரு கருவி நம்மகிட்ட இல்ல."

"இல்லன்னா சரி. ஆரம்பிம்மா."

அக்கா ஆரம்பித்தார். தெற்கு வேலி முழுவதும், ஒருமுறைகூட இறக்காமல். கை தோளுக்கு மேல் ஏற வேண்டிய அவசியமே வரவில்லை; குழாயின் நுனிதான் ஏறியது. நூல் பிடித்தமாதிரி மட்டம். கடைசிப் புதரில் இருந்த ஒரு அணில்கூட அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

குழு கூடிப் பேசியது. வேலி வெட்டப்பட்டிருக்கிறது, மறுக்க முடியாது. கருவி எதுவும் இல்லை, பதிவேடு இருக்கிறது. எனவே ஒரே முடிவுதான் சாத்தியம். நாராயணசாமி எழுதினார்: 'இவர் எவ்விதக் கருவியின் துணையுமின்றி வெறுங்கையால் வேலியைச் சீர்செய்து தம் தனித்திறனை நிரூபித்துள்ளார். நிரந்தரப் பணிக்கு முதன்மைத் தகுதி.'

முசேவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கையால செஞ்ச வேலி! ஊர்ல எல்லாத்தையும் மிஷின்ல பண்றப்ப, கையால! இதுக்கு ஒரு பலகை வெக்கணும்." இப்போது அங்கே பலகை இருக்கிறது: 'கைவினை வேலி'. கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று வேலியைத் தடவிக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள்.

நானும் மரீஹாவும் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தோம். அடுத்த நாளே ஒரு மனு கொடுத்தோம்: மற்றவர்களுக்கும் இதே மிஷினை வாங்குங்கள். பதில் வந்தது. ஒருவர் வெறுங்கையால் முடித்திருக்கும் வேலைக்கு மற்றவர்களுக்கு இயந்திரம் தருவதே பிரிவின் கூடுதல் சலுகை. அதன் எடை குறித்துப் புகார் கூறுவது முறையல்ல.

நான் விடவில்லை. மேலே இருப்பவர்களுக்குப் புரியாவிட்டால் என்ன, இப்போது உள்ளேயே நம் ஆள் ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்தேன். எங்கள் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டேன். கூடவே புராஜெக்ட் அறிக்கையையும் தூக்கிக்கொண்டு, மரீஹாவின் ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து பூங்காவுக்குப் போனேன்.

கமலவேணி அக்கா வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காக்கிச் சேலை, கழுத்தில் விசில். தலை நன்றாக வாரியிருந்தது. நிரந்தர ஊழியர்கள் வெட்டுவதில்லை, வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். வெயிலில், புதிதாகச் சேர்ந்த தினக்கூலி சின்னப்பாப்பா பழைய மிஷினைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"அக்கா, இத சின்னப்பாப்பாவுக்குக் குடுங்க."

அக்கா மிஷினை வாங்கினார். தன் விரல்கள் பதிந்த அதே பிடியில் பிடித்தார். ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இன்னா சுடரு, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு?"

"அக்கா! நீங்க தேர்வு முடிச்சதே இதுலதான்!"

"உஸ்ஸ்." அவர் சுற்றிலும் பார்த்தார். "யாரு சொன்னது? வெறுங்கையால வெட்னன்னு என் ஆர்டர்ல எழுதியிருக்கு. இது இருக்குதுன்னு ஆச்சின்னா என் வேல இருக்காது. தெரிஞ்சிதான் பேசுறியா?"

"அப்ப அந்தப் பொண்ணோட தோளு?"

"அவளும் ஒருநாளு நெரந்தரம் ஆவணுமில்ல? கனமாத் தூக்கிப் பழகட்டும். நாங்கல்லாம் பழகல?"

வாயைத் திறந்தேன். முறையாக, பாயிண்ட் பாயிண்டாகச் சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா என் கக்கத்தைக் காட்டினார்.

"ஆமா, அந்தத் தலகாணிய எதுக்குத் தூக்கிக்கினு வந்த?"

"புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கா. சார் பார்த்தா நம்பிக்க வருமேன்னு."

"அவ்ளோ கனமா இருக்குதே, உள்ள இன்னா இருக்கு?"

மரீஹாதான் சொன்னாள்: "பாதிக்கு மேல ஒண்ணும் இல்லக்கா."

அக்கா அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்து, தடி அட்டையைத் தடவிக்கொடுத்தார். "இதப் பார்த்தா படிச்ச புள்ளைங்க செஞ்சதுன்னு தெரியுது. இத வேணா சார்கிட்ட குடு, எடுத்துக்குவாரு" என்றார். மிஷினை என்னிடமே நீட்டினார்.

தெற்கு வேலிப் பக்கம் சின்னப்பாப்பா மிஷினை இறக்கி வைத்துவிட்டுத் தோளை நீவினாள்.

கமலவேணி அக்கா விசில் ஊதினார்.